மோட்டார் நின்ற அந்த நொடி: ஒரு த்ரில்லர் தொடக்கத்தை ஐந்து முறை வெட்டிய அனுபவம்

கதை இவ்வளவுதான். சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும் ஒரு பெண் கிரில் கேட்டை உள்பக்கம் பூட்டுகிறாள், ஹாலில் மோட்டார் சுவிட்சைப் போடுகிறாள், மொட்டை மாடிக்குப் போய்க் கொடியில் காயும் துணிகளை எடுக்கிறாள். தொட்டி நிரம்பி வழிய ஆரம்பிக்கிறது. கீழே போய் மோட்டாரை அணைக்க வேண்டும், ஆனால் கொடியில் இன்னும் இரண்டு துணிதான் மிச்சம், எடுத்துவிட்டே போய்விடலாம் என்று நிற்கிறாள். அப்போது மோட்டார் நிற்கிறது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அங்கே படத்தின் பெயர் வரும்.

இருபது நிமிடக் குறும்படம் ஒன்றின் முதல் இரண்டு நிமிடம் இது. காகிதத்தில் படித்தபோதே எங்கள் நான்கு பேருக்கும் முதுகு சில்லிட்டது. படம் பிடித்தது திருச்சி உறையூரில், நண்பனின் பெரியம்மா வீட்டில். மொசைக் தரை, பாதியில் வளைந்து திரும்பும் மாடிப்படி, ஹால் சுவரில் மோட்டார் சுவிட்ச், அதன் மேல் மோட்டார் ஓடும்போது எரியும் சிவப்பு இண்டிகேட்டர், எல்லாம் கதைக்கென்றே கட்டியது போல இருந்தன. கேமரா சோனி ஏ6400, 16 எம்.எம்., 30 எம்.எம். என்று இரண்டு லென்ஸ், ஒரு டிரைபாட், கையடக்க சவுண்ட் ரெக்கார்டர் ஒன்று. நடித்தவர் எங்களுக்கு அக்கா முறை, பள்ளியில் பாடம் எடுப்பவர். எடிட்டிங்கை டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் நான் செய்தேன். ஐந்தாவது வெட்டில்தான், அதாவது ஐந்தாவது முறை தொகுத்தபோதுதான், இந்த இரண்டு நிமிடம் உயிர் பெற்றது. நடுவில் என்னென்ன செய்தோம், எதை ஏன் தூக்கிப் போட்டோம் என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன், இதே மாதிரி ஒன்றை எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் வெட்டு 2 நிமிடம் 40 விநாடி, 41 ஷாட். கேமராவைக் கையிலேயே பிடித்து ஆட்டி எடுத்திருந்தோம், நான்கைந்து இடத்தில் ஃபிரேமைச் சாய்த்தும் வைத்திருந்தோம். முதல் நொடியிலிருந்தே அடியில், ஒரே சுருதியில் நீண்டுகொண்டே போகும் ஒரு கனமான ட்ரோன் இசை. இடையில் கையுறை போட்ட ஒரு கை சுவிட்சை அணைக்கும் க்ளோசப் வேறு. அதே ஹாலில் ஆறு பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினோம். மோட்டார் நிற்கும் இடம் வந்தது. பெரியம்மா திரும்பி என்னிடம், "ஏம்பா, கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் சட்டென்று நின்றால் மனசு முதலில் போகும் இடம் கரண்ட். பேயோ திருடனோ அதற்கு அப்புறம்தான். இன்னொருவர், ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் வைத்திருப்பார்கள், தொட்டி நிரம்பினால் அதுவே நின்றுவிடும் என்றார். மூன்றாமவர், அவள் வீட்டுக்காரர் வந்து அணைத்திருப்பார் என்று நினைத்தாராம். கையுறை க்ளோசப் வந்த பிறகும் அப்படித்தான் நினைத்தாராம், ஏனென்றால் அதற்குள் 30 ஷாட் ஓடிவிட்டது, எது எங்கே நடக்கிறது என்பதே அவர் மனதில் நிற்கவில்லை.

பார்ப்பவருக்கு வசதியான ஒரு விளக்கம் கையில் இருக்கும்வரை பயம் வராது. அதனால் இரண்டாவது வெட்டுக்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்து, மோட்டார் நிற்க என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று எழுதி, ஒவ்வொன்றையும் படத்துக்குள்ளேயே அடைக்க வழி பார்த்தோம். கரண்ட்: மாடிப்படி பல்பு அந்த ஷாட்டின் ஓரத்திலேயே எரிந்துகொண்டிருக்க வேண்டும், மோட்டார் நின்ற பிறகும். ஆட்டோமேட்டிக்: தொட்டி முழுசாக நிரம்பி, ஓவர்ஃப்ளோ பைப்பிலிருந்து தண்ணீர் தரையில் கொட்டி, அது அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், கன்ட்ரோலர் இருக்கிற வீட்டில் அப்படிக் கொட்டாது. வீட்டுக்காரர்: வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு, கேட்டை உள்ளிருந்து பூட்டி அந்தச் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொள்வது. வசனமே இல்லாமல் இத்தனையும் சொல்லிவிடலாம், ஆனால் சொல்வதற்கு நேரம் கொடுக்க வேண்டும். பூட்டும் ஷாட் முதலில் 2 விநாடிதான் இருந்தது, கை வருகிறது, பூட்டு விழுகிறது, வெட்டு. அதை 7 விநாடி ஆக்கினோம். சாவியை இழுத்துப் பார்த்து, பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, அப்புறம் இடுப்பில் செருகுகிறாள். எல்லோரும் வீட்டில் செய்கிற காரியம்தான் என்பதால் யாருக்கும் சலிக்கவில்லை, அதே சமயம் உள்ளே வர வழியே இல்லை என்பது உறுதியாகிவிடுகிறது. பின்னால் மோட்டார் நிற்கும்போது அந்தப் பூட்டு திரும்ப ஞாபகம் வரும், வந்தவன் கேட் பூட்டுவதற்கு முன்பே உள்ளே இருந்திருக்கிறான் என்று பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். கையுறைக் கையை அன்றைக்கே எடுத்து எறிந்தோம்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் எடுத்ததில் பாதி வீணாகப் போனதற்குக் காரணம் ஹால் டியூப்லைட். கேமரா விநாடிக்கு 30 ஃபிரேம், 1/60 விநாடி ஷட்டரில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது, 1/60 அதோடு ஒத்துப்போகாமல் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு மேலும் கீழும் ஓடியது. மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருப்பதை பால் (PAL) என்று மாற்றி, 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் வைத்ததும் பட்டைகள் போய்விட்டன. 1/50 விநாடிக்குள் சரியாக இரண்டு துடிப்பு அடங்கிவிடுகிறது, அதனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம். சின்ன கேமரா ஸ்கிரீனில் இந்தப் பட்டை சரியாகத் தெரியாது, ஒரு ஷாட் எடுத்ததும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆட்டமும் சாய்வும் ஏன் எடுபடவில்லை என்று யோசித்தபோது நண்பன் ஒன்று சொன்னான்: "கேமரா முதல்லயே பயந்துடுச்சுடா, பாக்கறவனுக்கு என்ன மிச்சம்?" சரியான பேச்சு. இரண்டாவது முறை எல்லாவற்றையும் டிரைபாடில் வைத்தோம். மாடியில் அவள் துணி எடுக்கும் ஷாட்டில் அவளை ஃபிரேமின் இடது மூலையில் நிறுத்தி, வலது பக்கம் படிக்கட்டுக் கதவை, உள்ளே எரியும் பல்போடு, காலியாக விட்டோம். அந்தக் கதவில் கடைசிவரை எதுவும் நடக்காது. ஆனால் பார்ப்பவரின் கண் அவளிடம் ஒருமுறை, கதவிடம் ஒருமுறை என்று போய்வந்துகொண்டே இருக்கும். ஃபிரேமில் ஒரு காலி இடத்தை விட்டால் அதைப் பார்ப்பவர் தானே நிரப்பிக்கொள்கிறார், நாம் எதையும் காட்ட வேண்டியதில்லை.

நகரும் ஷாட் ஒன்றே ஒன்று. ஹாலில் இண்டிகேட்டரை நோக்கி மிக மெதுவாகப் போவது. கேமராவை வழுக்கி நகர்த்தும் ஸ்லைடர் எங்களிடம் கிடையாது. மொசைக் தரையில் குளியல் துண்டை விரித்து, அதன் மேல் டிரைபாடைக் கால் மடக்கித் தாழ்வாக வைத்து, ஒருவர் துண்டை இழுக்க, ஒருவர் டிரைபாட் சாயாமல் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொள்ள, 12 விநாடியில் ஒரு முழம் தூரம். முதல் ஆறு டேக் குலுங்கின. துண்டின் அடிப்பக்கம் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவியதும் வழுக்கிக்கொண்டு போனது. (பெரியம்மா காலையில் வழுக்கி விழாமல் இருக்க ராத்திரியே தரையைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.) இந்த நகர்வு கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக இருக்க வேண்டும். கேமரா நகர்கிறது என்று தெரிந்துவிட்டால் சுவிட்சை உற்றுப் பார் என்று விரல் நீட்டிச் சொன்னது போல ஆகிவிடும்.

திசையில் ஒரு பெரிய தப்பு செய்திருந்தோம். மாடியில் அவள் இடமிருந்து வலமாகப் படியை நோக்கி நடக்கிறாள். படிக்கட்டு ஷாட்டில் வலமிருந்து இடமாக இறங்குகிறாள். இரண்டையும் ஒட்டவைத்தால், பாதியில் மனம் மாறித் திரும்பிப் போகிறாள் என்று தோன்றியது. திரும்ப எடுக்கச் சோம்பல்பட்டு ரிசால்வில் படிக்கட்டு ஷாட்டைக் கண்ணாடிப் பிம்பம் போல் புரட்டிப் போட்டேன். திசை சரியாகிவிட்டது. ஆனால் ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. அக்காதான் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "என் முந்தானை ஏன் வலது தோள்ல இருக்கு?" மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்தது. அடுத்த வாரம் திரும்பப் போய் அந்த ஒரு ஷாட்டை எதிர்ப்பக்கம் நின்று எடுத்தோம். சேலை கட்டிய பாத்திரம் இருக்கிற எந்த ஷாட்டையும் புரட்டாதீர்கள்.

இப்போது இசை. மூன்றாவது வெட்டுவரை ட்ரோன் இருந்தது, அதை எடுக்க எனக்கு மனசே வரவில்லை, ஏனென்றால் அதை நானே இரண்டு இரவு உட்கார்ந்து தம்புரா ஒலியை நீட்டிக் குறைத்து உருவாக்கியிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் தொடக்கத்தை இரண்டு பதிப்பிலும் அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒரு கை குண்டில் நேரம் வைக்கிறது, காரின் டிக்கியில் அதைப் போடுகிறது, ஒரு ஜோடி ஏதும் தெரியாமல் ஏறிக் காரை எடுக்கிறார்கள், கேமரா வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் எல்லை ஊரின் தெருக்கள் வழியே மிதந்து போகிறது. 1958-ல் வெளியானபோது அந்த ஷாட்டின் மேல் பெயர்கள் ஓடும், ஹென்றி மான்சினியின் இசை ஒலிக்கும். வெல்ஸுக்கு அது விருப்பமில்லை. ஸ்டூடியோவுக்கு அவர் எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து எடிட்டர் வால்டர் மர்ச் 1998-ல் படத்தைத் திரும்பத் தொகுத்தார். பெயர்களையும் அந்த இசையையும் நீக்கிவிட்டு, தெருவோர மதுக்கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வரும் பாட்டுகளை அங்கே வைத்தார். இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. கார் எங்கோ நெரிசலில் மறைந்துவிடும்போது, அந்த ரேடியோப் பாட்டு மெல்லக் கேட்டால் போதும், குண்டு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரியும். முதல் பதிப்பில் இசை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதால் அந்தத் தகவல் அதற்குள் புதைந்துபோயிருந்தது.

எங்கள் ட்ரோன் செய்தது அச்சு அசலாக இதே காரியம். மோட்டாரின் இரைச்சலை, ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் போட்டுப் பார்த்தால் 100 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய மேடு, மின்சாரம் 50 என்பதால் காந்தத்தின் முனகல் அதன் இரு மடங்கில் வரும். என் தம்புரா ட்ரோனும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. மோட்டார் நின்றபோது அந்தப் பள்ளத்தை ட்ரோன் நிரப்பிவிட்டது. காது எதையும் இழக்கவில்லை. எதுவோ நின்றது என்று பார்ப்பவர் உணர்வதற்கு அங்கே இடமே இல்லை. நான்காவது வெட்டில் ட்ரோனை முழுக்க எடுத்தேன். எங்கள் படத்தில் ஒரே இசை மோட்டார்தான்.

அப்புறம் மோட்டாரை ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு முழு மாலை ஒதுக்கினோம். மோட்டார் பக்கத்தில் ஒன்று, ஹாலிலிருந்து ஒன்று, படி வளைவில் ஒன்று, மாடியில் ஒன்று, நான்கு இடத்திலும் முழுச் சுற்று: போடுவது, ஓடுவது, அணைப்பது, அப்புறம் இரண்டு நிமிடம் சும்மா. முதல் சுற்று முழுவதும் குப்பை. ரெக்கார்டரில் ஆட்டோ லெவல் போட்டிருந்தது. மோட்டார் நின்றதும் அது தானாக ஒலியளவைத் தூக்கிவிட, அமைதி வர வேண்டிய இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் ஏறிக்கொண்டு வந்தது. ஆட்டோ லெவலை அணைத்து, கையால் அளவு வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் திரும்ப எடுத்தோம்.

அப்போது கேட்டதை வாழ்நாளில் அதுவரை கவனித்ததில்லை. மோட்டார் சட்டென்று நிற்பதில்லை. சுவிட்ச் 'டக்' என்கிறது, இரைச்சல் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி சுருதி இறங்கித் தேய்கிறது, குழாயில் எங்கோ வால்வு 'டொப்' என்று மூடுகிறது. மேலே ஓவர்ஃப்ளோ பைப்பில் தண்ணீர் கொட்டுவது உடனே நிற்காமல் மெலிந்து, கயிறாகி, நூலாகி, சொட்டாகிறது. அதன் பிறகு, இவ்வளவு நேரம் இரைச்சலுக்கு அடியில் மூடிக் கிடந்த எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன: பக்கத்து வீட்டுக் குக்கர், தூரத்தில் பஸ் ஹாரன், பூச்சிச் சத்தம். ஹாலில் மின்விசிறி 'டக்... டக்...' என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஆடுவது மாடிப்படி வழியாகக் கேட்கிறது. அந்த மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டதும் நாங்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கரண்ட் இருக்கிறது என்று சொல்ல பல்பு காட்டினால் மட்டும் போதாது என்று தவித்துக்கொண்டிருந்தோம், பதில் அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது. மின்விசிறி ஓடுகிறது, ஆகவே கரண்ட் இருக்கிறது, ஆகவே யாரோ அணைத்திருக்கிறார்கள்.

இந்த வரிசையைக் கலைக்காமல் அப்படியே டைம்லைனில் வைத்தேன். சொட்டும் வரை 9 விநாடி. அந்த 9 விநாடியில் வெட்டே கிடையாது. முந்தைய வெட்டுகளில் மோட்டார் நிற்கும் அதே ஃபிரேமில் அவள் முகத்துக்கு வெட்டியிருந்தேன். பார்த்தால் விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் படம் மாறும் நொடியில் கவனமெல்லாம் கண்ணுக்குப் போய்விடுகிறது, காதில் நடந்தது நழுவிவிடுகிறது. இப்போது அந்த ஷாட் 31 விநாடி. அவள் முதுகைக் காட்டி நிற்கிறாள், தண்ணீர் கொட்டுகிறது, ஒரு தலையணை உறையை உதறி மடிக்கிறாள், ஷாட்டின் நடுவில் மோட்டார் நிற்கிறது.

நடிப்பிலும் ஒரு மாற்றம் செய்தோம். முதலில் அக்கா சத்தம் நின்ற உடனே திரும்பிவிட்டார். நிஜத்தில் யாரும் அப்படித் திரும்ப மாட்டார்கள், கை வேலையில் இருக்கும்போது சத்தம் நின்றது மூளைக்கு எட்டக் கொஞ்ச நேரம் ஆகும். "மடிச்சு முடிங்க அக்கா, அடுத்த துணிய தொடுங்க, அப்புறமா நில்லுங்க" என்று சொல்லி எடுத்தோம். திரையில் அது 45 ஃபிரேம், இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் கீழே. அந்த 45 ஃபிரேமில் பார்ப்பவருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. 30 ஃபிரேமாகக் குறைத்துப் பார்த்தேன், இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது போல ஆயிற்று. 70 ஆக்கினால் இவளுக்குக் காது கேட்காதோ என்று தோன்றிவிட்டது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது, போனதில் வருத்தமில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். அமைதி என்பதற்காக ஒலித்தடத்தை முழுக்க வெறுமையாக விடக் கூடாது. ஒருமுறை விட்டுப் பார்த்தேன், பார்த்தவர் போனில் ஏதோ கோளாறு என்று வால்யூம் பொத்தானை அழுத்தினார். அந்த மாடியில் பதிவு செய்த வெறும் காற்றின் ஒலி மைனஸ் 50 டெசிபல் பக்கத்தில், மிக மெல்லிசாக, கடைசிவரை ஓடுகிறது. இரண்டாவது, ஒலிக் கலவையை ஹெட்ஃபோனில் மட்டும் செய்யாதீர்கள். போன் ஸ்பீக்கர் அவ்வளவு சின்னது, 100 ஹெர்ட்ஸெல்லாம் அதில் கிட்டத்தட்ட இல்லை. மோட்டாரே கேட்காத படத்தில் மோட்டார் நின்றால் என்ன, ஓடினால் என்ன? அதனால் மோட்டாரின் 300-லிருந்து 600 ஹெர்ட்ஸ் வரையான கரகரப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். அப்புறம் போனிலும் அது நிற்பது தெரிந்தது.

ஐந்தாவது வெட்டு 2 நிமிடம் 10 விநாடி, 17 ஷாட். அவள் படி இறங்கி ஹாலுக்குப் போவது, இருட்டு அறை, எல்லாம் எடுத்து வைத்திருந்தோம். எதையும் சேர்க்கவில்லை. படி வளைவில் அவள் பாதம் ஒரு படியில் நிற்கிறது, மின்விசிறி 'டக்... டக்...' என்கிறது, மேலே ஒரு சொட்டு விழுகிறது, அடுத்த சொட்டு விழ வேண்டிய இடத்தில் திரை கறுப்பாகிறது.

அதே ஹாலில் பெரியம்மாவுக்குத் திரும்பப் போட்டுக் காட்டினோம். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. மோட்டார் நின்றதும் டிவியை விட்டுத் திரும்பி, தன் வீட்டுச் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். அப்புறம் டிவியில் பாதம் படியில் நின்றபோது, "கீழ போகாதடி" என்றார், மெதுவாக.

இரண்டாம் வாரம் எடுத்த படிக்கட்டு ஷாட்டில் ஜன்னல் வழியே தெரியும் வானம் முதல் வாரத்தைவிட நீலம் அதிகம். அந்தி வெளிச்சம் இருபது நிமிடம்தான் நிற்கும், நாங்கள் பத்து நிமிடம் தாமதம். வண்ணத் திருத்தத்தில் பாதி சரியாகிவிட்டது, மீதியை வரும் சனிக்கிழமை பார்க்க வேண்டும்.